மாமா கடை வாஷர்

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. தமிழும் பஸ் போர்டு அளவுக்குத்தான். நாலாம் கிளாசில் வாத்தியார் என்னைக் கழித்துவிட்டாரா, நான் வாத்தியாரைக் கழித்துவிட்டேனா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் நின்றால் நான் பெரிய படிப்பாளி. பெட்டியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவேன். பிறகு தூரத் தள்ளிப் பார்ப்பேன். வெயிலில் சாய்த்துப் பிடித்து, ஓரத்தை நகத்தால் சுரண்டி, கடைசியாக ஒரு தடவை மோந்தும் பார்ப்பேன். இவனுக்கு ஏதோ விஷயம் தெரிந்திருக்கிறது என்று கடைக்காரன் பயப்பட வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. விழுப்புரத்தில் ஒரு கடைக்காரர் நான் ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்த பெட்டியை மெதுவாகக் கையிலிருந்து வாங்கி, தலைகீழாக இருந்ததைத் திருப்பிக் கொடுத்தார். நான் அதற்கும் தலையை ஆட்டினேன்.

அப்போது கோலியனூரில் இருந்துகொண்டு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, வேளாங்கண்ணி, ஜிப்மர் ஆஸ்பத்திரி, எது கிடைத்தாலும் போவேன். வேன் என் கைக்கு வரும்போதே நாலு பேர் கை மாறி வந்தது. வயசு என்னைவிடக் கொஞ்சம் கம்மி, குணம் என்னைவிடக் கொஞ்சம் மோசம். மாசத்துக்கு ஒரு சாமானாவது கேட்கும். அதனால் மாசத்துக்கு ஒரு தடவையாவது ஒருத்தன் மேல் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

சாமானில் மூன்று தினுசு. வண்டி செய்த கம்பெனியே பெட்டி போட்டுக் கொடுப்பது ஒரிஜினல். வேறு எவனோ செய்து, தன் பேரையே தைரியமாகப் போட்டு, குறைந்த விலைக்கு விற்பது லோக்கல். இந்த இரண்டின் மேலும் எனக்குப் புகார் கிடையாது. லோக்கலில்கூட நன்றாக உழைத்த சாமான் உண்டு. மூன்றாவது தினுசுதான் தூக்கத்தைக் கெடுப்பது. உள்ளே லோக்கல், வெளியே கம்பெனி பெட்டி. பட்டறைகளில் விழும் காலிப் பெட்டிகளை, மூலை கசங்காமல் இருந்தால் நல்ல காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போக ஆள் வருவான் என்று டிரைவர்கள் பேசிக்கொள்வோம். அந்த ஆளை நான் பார்த்ததில்லை. பார்க்காததாலேயே எல்லாரையும் அந்த ஆளாகப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் ஒரு மரியாதை உண்டு. மெக்கானிக் கழற்றின பழைய சாமானை வண்டிக்காரன் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கவில்லையென்றால் மாற்றவே இல்லை என்று அர்த்தம். நான் அதையும் நம்புவதில்லை. கொடுத்தது என் வண்டியிலிருந்து கழற்றியதுதானா, வேறு வண்டியுடையதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

இப்படிப்பட்டவனுக்கு வந்து வாய்த்தது பாருங்கள், அக்கா புருஷனே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தார்.

அக்காவைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தோம். மாமா மெட்ராசில் ஒரு பெரிய கடையில் கொஞ்ச வருஷம் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, ஊருக்கு வந்து வீட்டுக்கு முன்பக்கம் சொந்தமாகக் கடை போட்டார். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து மந்திரித்தார், நான் ரிப்பன் கட்டினேன். அன்றைக்கே என் சுதந்திரம் போய்விட்டது. வேறு கடையில் ஒரு பல்பு வாங்கினாலும் அது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிடும். அக்கா மூக்கைச் சிந்துவாள்.

சரி, மாமா கடையிலேயே வாங்குவோம் என்றால் அதற்கு ஒரு சடங்கு இருந்தது. பில் கேட்கக் கூடாது. அக்கா புருஷனிடம் பில் கேட்பது சோறு போட்டவரிடம் அரிசி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிற மாதிரி. ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்கவில்லையென்றால்தான் தப்பு, விலகிப் போகிறான் என்று நினைப்பார்கள். நான் அந்த விஷயத்தில் குறை வைத்ததே இல்லை. எனக்கு ஒரிஜினல்தான் வேண்டும், கம்பெனி பெட்டிதான் வேண்டும் என்பேன். மாமா விலை சொல்வார். வெளியாளுக்குச் சொல்கிற விலையை எனக்குச் சொல்கிறாயே என்பேன். கொஞ்சம் குறைப்பார். எங்கள் அக்காவைக் கட்டிக் கொடுக்கும்போது நாங்கள் இப்படிப் பேரம் பேசினோமா என்று கேட்பேன். மாமா கடைக்குள் இருட்டைப் பார்ப்பார். இன்னும் குறைப்பார். லோக்கல் விலைக்கு வந்து சேர்ந்ததும் நான் காசை எடுத்து வைத்து, அவர் செலவிலேயே டீயும் குடித்துவிட்டுக் கிளம்புவேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்யும். இவ்வளவு குறைத்துக் கொடுக்க இவருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? ஒன்று, மாமா நல்லவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் சாமான் நல்லதாக இருக்கக் கூடாது. அவரை நல்லவர் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை. என்ன இருந்தாலும் அக்கா புருஷன்.

அந்த வருஷம் அக்கா மகளுக்கு ஏற்காட்டில் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு பள்ளிக்கூடத்தில் ஹாஸ்டலோடு இடம் கிடைத்தது. கொண்டுபோய் விட வேண்டும். நம் வேன் இருக்கும்போது எதற்கு வாடகை வண்டி என்று மாமா சொன்னார். நம் வேன் என்றால் என் வேன். டீசல் மட்டும் அவருடையது. மாமா, அக்கா, பெண், ஒரு இரும்புப் பெட்டி, மெத்தைச் சுருட்டு, கூடவே மலை பார்க்க ஆசைப்பட்ட மாமாவின் தங்கையும் அவள் புருஷனும். எனக்கு ரொம்ப வேண்டியவர்கள் அத்தனை பேரையும் ஒரே வண்டியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவு இறக்க வேண்டும்.

என் வேனின் பிரேக் அப்போது ஒரு மாதிரி இருந்தது. முதல் மிதிக்குப் பெடல் தரை வரைக்கும் இறங்கும். இரண்டாவது மிதிக்குப் பிடிக்கும். விழுப்புரத்தில் அது போதும், முன்னால் போகிற மாடும் அவசரப்படாது, நானும் அவசரப்பட மாட்டேன். மலையில் இரண்டாவது மிதிக்கு ரோடு மிச்சம் இருக்காது. மெக்கானிக்கிடம் காட்டினேன். விழுப்புரத்தில் எனக்கு எப்போதும் வேலை பார்க்கிறவன். நாலு சக்கரத்திலும் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் வாஷர் போய்விட்டது, ஆயில் கசிகிறது, மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்றான். நான் திண்டிவனம் போய், ஒரிஜினல் கேட்டு, சடங்கை முறையாக நடத்தி, பெட்டியை வாங்கி வந்து அவனிடம் கொடுத்தேன்.

அவன் பெட்டியைப் பிரித்து ஒரு வாஷரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினான்.

"இன்னாண்ணா, டூப்ளிகேட்ட எடுத்தாந்துக்கிற."

"பொட்டியப் பாருடா. கம்பெனி பொட்டி."

"பொட்டியவா மாட்டப் போறேன்?"

வாஸ்தவம்தான். ஆனால் இவனைப் பற்றி எனக்குத் தெரியாதா? விழுப்புரம் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கடை. இவன் அனுப்புகிற ஒவ்வொரு ஆளுக்கும் அந்தக் கடையில் இவனுக்குக் கமிஷன். வேறு எங்கே வாங்கி வந்தாலும் இவன் வாயில் டூப்ளிகேட்தான். கம்பெனிக்காரனே நேரில் வந்து கையில் கொடுத்தாலும் டூப்ளிகேட் என்பான். அதனால் இவன் சொன்னதை நம்புவதா, மாமா கொடுத்ததை நம்புவதா என்று தெரியாமல், இரண்டு பேரையுமே நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். அதுதான் எனக்குக் கை வந்த வேலை.

டிரைவர்கள் மத்தியில் ஒரு சோதனை சொல்வார்கள். வாஷரைப் பிரேக் ஆயிலில் ஊறப் போட்டால், மட்டமான ரப்பர் மறுநாளே ஊதிவிடும், நல்ல ரப்பர் அப்படியே கிடக்கும். நான் ஒரு படி மேலே போனேன். அந்த ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்கே போய், அதே கலர் பெட்டியில் அதே வாஷர் ஒரு செட், பேரம் பேசாமல் வாங்கினேன். வீட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்து, இரண்டிலும் பிரேக் ஆயில் ஊற்றி, மாமா கடைப் பெட்டியிலிருந்து ஒரு வாஷரை இடது டம்ளரிலும் ஸ்டேஷன் ரோடு வாஷரை வலது டம்ளரிலும் போட்டு, மேலே தட்டு மூடி, அடுப்படி ஜன்னலில் வைத்தேன். இரண்டு பேரையும் ஒரே நாளில் பிடிக்கப் போகிறேன் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. என் பெண்டாட்டியிடம், ஜன்னல் பக்கம் போகாதே, அதைத் தொடாதே என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் அக்கா காதுக்குப் போய்விடுமோ என்று அவள் மேலும் ஒரு சந்தேகம்.

மறுநாள் காலையில் தட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு டம்ளரில் வாஷர் போட்டது போட்டபடி கிடந்தது. இன்னொன்றில் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டைப் பயிறு, மாதிரி உப்பிப் போய்க் கிடந்தது. உப்பினது இடது டம்ளர். மாமா மாட்டிக்கொண்டார் என்று துள்ளினேன். துள்ளின வேகத்தில்தான் கவனித்தேன், தட்டு இரண்டும் மாறியிருந்தது. பூப் போட்ட தட்டை நான் வலது பக்கம் மூடியிருந்தேன். இப்போது இடது பக்கம் இருந்தது.

"இத்த யாரு தொட்டது?"

"நான்தான்," என்றாள் என் பெண்டாட்டி. அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பக்கூட இல்லை.

"தொடாதன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னதாலதான்யா தொட்டேன். ஜன்னல்ல ரெண்டு டம்ளரு, மேல மூடி, கிட்ட போவாதன்றான் புருஷன். உள்ள இன்னா பன்னீரா வெச்சிருப்பான்? மோந்து பாத்தேன்."

"எந்த டம்ளர எந்தப் பக்கம் வெச்ச?"

"ஒன்ன மோந்தேன், அப்பறம் இன்னொன்ன மோந்தேன். ரெண்டும் சரக்கு இல்லன்னு தெரிஞ்சிது, வெச்சிட்டேன். எது எங்கன்னு நான் இன்னாத்துக்குப் பாக்கணும்?"

டம்ளர் மாறி தட்டு மாறவில்லையா, தட்டு மாறி டம்ளர் மாறவில்லையா, இரண்டுமே மாறிவிட்டதா. அவளை நிற்க வைத்து, எந்தக் கையால் எடுத்தாய், எந்தக் கையால் வைத்தாய் என்று போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கை சொன்னாள். அதற்கு மேல் கேட்டால், இந்த ரெண்டு டம்ளர்லயும் இனிமே யாரு தண்ணி குடிக்கறது என்று அவள் விசாரணை ஆரம்பமாகிவிடும் போலிருந்தது. விஷம் மாதிரியான ஆயிலை மோந்ததோடு விட்டாளே என்று நிறுத்திக்கொண்டேன். இரண்டு டம்ளரையும் தூர எறிந்தேன்.

ஆக, இரண்டு கடையில் ஒரு கடை என்னை ஏமாற்றியிருக்கிறது. எந்தக் கடை என்பது கர்த்தருக்குத்தான் தெரியும். மறுநாள் விடியற்காலை ஏற்காட்டுக்குக் கிளம்ப வேண்டும். வண்டி நாலு சக்கரமும் கழற்றி பட்டறையில் கல் மேல் நின்றுகொண்டிருக்கிறது.

உப்பின வாஷரைப் பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். யாருடையது என்று தெரியாவிட்டால் என்ன, மாமாவுடையது என்று அடித்துச் சொல்வோம், முகத்தைப் பார்ப்போம், முகம் காட்டிக் கொடுக்கும் என்பது என் கணக்கு.

நான் போய் இறங்கும்போது கடையில் கிளியனூர்ப் பக்கத்து விவசாயி ஒருத்தர் நின்றிருந்தார். அவர் வண்டிக்கு கிளட்ச் கேபிள் வேண்டுமாம். மாமா அவரிடம் சாதாரணமாக, "ஒரிஜினலா, லோக்கலாங்க?" என்று கேட்டார். அவர் இரண்டுக்கும் விலை கேட்டார், லோக்கலே போதும் என்றார். மாமா லோக்கல் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவர் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இந்தக் கேள்வியை மாமா என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

உள்ளே வீட்டில் அக்கா, மகளுடைய துணிகளில் ஹாஸ்டல் நம்பர் தைத்துக்கொண்டிருப்பது கதவு வழியாகத் தெரிந்தது. நான் பேப்பரைப் பிரித்து வாஷரைக் கல்லாப் பலகை மேல் வைத்தேன்.

"மாமா, இது நீ குடுத்தது. ஒரு நாள் ஆயில்ல கெடந்திச்சி."

மாமா அதை எடுத்தார். விரலில் மாட்டிப் பார்த்தார், சுழற்றினார், கீழே வைத்தார். முகம் காட்டிக் கொடுக்கும் என்று நினைத்தேன், அது கடை ஷட்டர் மாதிரி இருந்தது. அதனால் இன்னொரு ஆணி அடித்தேன்.

"மத்ததெல்லாம் மெக்கானிக்கு மாட்டிக்கினு இருக்கறான். காலைல வர்றேன். நீ முன் சீட்டுல, எம் பக்கத்துல குந்திக்கோ. அக்காவும் பாப்பாவும் நடு சீட்டு."

மாமா திரும்பிக் கதவு வழியாக வீட்டுக்குள் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மேல் தட்டில் கையை விட்டு, தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அதே கலர், அதே எழுத்து, அதே சைஸ். லுங்கியில் தூசியைத் துடைத்து என் முன்னால் வைத்தார்.

"அது தரைக்கு மச்சான். மலைக்கு இது."

எனக்கு முதலில் அது பதில் மாதிரியேதான் இருந்தது. தலையைக்கூட ஆட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

"பிரேக்குல ஏது மாமா தரைக்கு வேற, மலைக்கு வேற?"

"இருக்குது."

"அப்ப இத்தினி வருசமா எனக்குத் தரைக்கே குடுத்துக்கினு இருந்தியா?"

மாமா வீட்டுக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து, குரலை இறக்கினார். "நீ இன்னா கேப்ப? கம்பெனி பொட்டி கேப்ப. லோக்கலு ரேட்டு கேப்ப. கம்பெனி பொட்டியும் குடுத்தேன், லோக்கலு ரேட்டும் குடுத்தேன். ரெண்டையும் ஒரே ஆளுக்கு வேற எப்படி குடுக்கறது? நீயே சொல்லு."

"லோக்கலுன்னு சொல்லிக் குடுக்கறதுதானே? அந்தாளுகிட்ட இப்ப சொன்ன இல்ல."

"அவரு வெளியாளு. காசு குடுத்தாரு, போனாரு. உங்கிட்ட லோக்கலுன்னு சொன்னா இன்னா பண்ணுவ? அக்கா புருசன் மட்டமான சாமான தலையில கட்டிட்டான்னு கோலியனூர்லர்ந்து கிளியனூரு வரைக்கும் மைக் செட்டு வெச்சிக் கத்துவ."

கத்தியிருப்பேன். அதில் சந்தேகமில்லை. மைக் செட் வாடகைக்குக்கூட மாமாவிடம்தான் பேரம் பேசியிருப்பேன். அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அக்கா டீயோடு வந்து நின்றாள். பலகை மேல் கிடந்த உப்பின வாஷரைப் பார்த்து இது என்ன என்றாள். ஒன்றும் இல்லை என்று நானும் மாமாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பேச்சாகப் பேசி அவள் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டம்ளர்களை வைத்துவிட்டுப் போனாள்.

மேல் தட்டுப் பெட்டிக்கு மாமா முழு விலை சொன்னார். நான் மூச்சு விடாமல் கொடுத்தேன்.

பஸ் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் என் புத்தி மறுபடியும் வேலை செய்ய ஆரம்பித்தது. மாமா கொடுத்தது லோக்கல் என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். ஆனால் உப்பினது அதுதான் என்று ஆகிவிடுமா? அவர் கொடுத்த லோக்கல் நல்ல லோக்கலாக இருந்து, ஸ்டேஷன் ரோட்டுக்காரன் ஒரிஜினல் என்று கொடுத்ததுதான் உப்பியிருந்தால்? மாமா ஒப்புக்கொண்டதால் அவன் யோக்கியன் ஆகிவிட மாட்டான். சரி, இப்போது மடியில் இருக்கிற பெட்டி? கீழ்த் தட்டில் ஒரு பொய்ப் பெட்டி வைத்திருந்தவர் மேல் தட்டில் இன்னொன்று வைத்திருக்க மாட்டாரா? ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தால் ஒரிஜினல் ஆகிவிடுமா? ஊறப் போட்டுப் பார்க்க ஒரு நாள் வேண்டும். கையில் இருப்பது ஒரு சாயங்காலம்.

மெக்கானிக் புதுப் பெட்டியைப் பிரித்து, பழையபடி விரலில் நசுக்கினான். இது பரவாயில்லை என்றான். ஒரிஜினல் என்று சொல்லாமல் ஏன் பரவாயில்லை என்கிறான் என்று அதிலும் எனக்கு ஒரு முள். நாலு சக்கரத்துக்கும் மாட்டினான். நான் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, அவன் கீழே படுத்துக்கொண்டு லைனில் இருந்த காற்றை எடுத்தான். அமுக்கு என்பான், விடு என்பான். கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது. ஒரே மிதி. கழற்றின பழைய வாஷர்களை ஒரு துணியில் போட்டு என் கையில் கொடுத்தான்.

விடியும்போது திண்டிவனத்தில் அவர்களை ஏற்றிக்கொண்டேன். மாமா சொன்னபடி முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் என்று தரை ரோட்டில் அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவர் தூங்கத் தூங்க எனக்கு நிம்மதி. சாமான் பொய்யாக இருந்தால் மனுஷனுக்குத் தூக்கம் வருமா? மலை ஏறும்போதும் தொல்லையில்லை. ஏறுகிற வண்டிக்கு என்ன பிரேக் வேண்டியிருக்கிறது?

பெண்ணை ஹாஸ்டலில் விட்டோம். அவள் அழவில்லை. இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, போய்ட்டு வாங்க என்று கையை ஆட்டினாள். அக்காதான் கேட்டில் நின்று அழுதாள். சிஸ்டர் ஒருத்தர் சமாதானம் சொல்லி அனுப்பினார். இறங்குவதற்கு முன்னால் ஏரிக்கரையில் டீ குடித்தோம். மற்றவர்கள் மிளகாய் பஜ்ஜிப் பக்கம் போனதும் நான் மாமாவைத் தனியாக ஓரங்கட்டினேன்.

"மாமா. இனிமே எல்லாம் எறக்கம். இப்ப சொல்லிடு, ஒன்னும் சொல்ல மாட்டேன். மாட்டியிருக்கறது ஒரிஜினலா?"

"மெட்ராஸு மொத்தக் கடையில எடுத்தது. சீலு ஒடைக்காம வந்திச்சி."

"பொட்டிய கேக்கல. உள்ள இருக்கறத கேக்கறேன்."

மாமா டீயை ஊதினார். ஏரியில் பனி இறங்கி அக்கரை தெரியவில்லை. அந்தத் தெரியாத அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் பொட்டியப் பாத்துதான் மச்சான் வாங்கறேன்," என்றார்.

எனக்கு அவரைத் திட்டக்கூட வரவில்லை. முகத்தில் ஷட்டர் ஏறிவிட்டிருந்தது, உள்ளே ஒரு மனுஷன் பயந்துகொண்டு நிற்பது தெரிந்தது. தரைக்குக் கொடுத்தது என்னவென்று அவருக்குத் தெரியும். மலைக்குக் கொடுத்தது என்னவென்று அவருக்கும் தெரியாது. நல்ல விலை கொடுத்து வாங்கினார், நல்லதாகத்தான் இருக்கும் என்று மேல் தட்டில் வைத்தார், அவ்வளவுதான். பெண்ணை மேலே விட்டுவிட்டோம், அது ஒன்றுதான் ஆறுதல் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

இரண்டாவது கியரில் போட்டேன். அதற்கு மேல் மாற்றவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனைக் கையை எடுக்காமல் அமுக்கினான். வழி விட்டேன். அடுத்து ஜீப், அதற்கு அடுத்து ஒரு டிவிஎஸ் வண்டியில் முட்டை கொண்டுபோகிற ஆள், எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். முட்டைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் வளைவில் நான் பிரேக்கை மிதித்தபோது என் இடது பக்கம் இன்னொரு கால் தரைத் தகட்டை மிதித்தது. பார்த்தால் மாமா. அவர் பக்கம் பெடலே கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தகட்டில் ஊன்றி, நான் மிதிக்கும்போதெல்லாம் அவரும் மிதித்தார். நான் விட்டால் விட்டார்.

"சாமான் ஒரிஜினலுன்னா இன்னாத்துக்கு மாமா நீயும் மெறிக்கிற?"

"சாமான் மேல டவுட்டு இல்ல. ஓட்டறவன் மேலதான்."

பின்னால் அக்கா செபமாலையை எடுத்துவிட்டாள். இவர்கள் இரண்டு பேரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டால் ஏதோ நடக்கப் போகிறது என்று நேற்றிலிருந்தே அவள் மனசில் ஓடியிருக்கும். மாமாவின் தங்கையும் சேர்ந்துகொண்டாள். தங்கை புருஷன் மட்டும் ஜன்னல் வழியாகக் குரங்கைக் காட்டிக்கொண்டு வந்தான். வண்டியில் சந்தேகமில்லாத மனுஷன் அவன் ஒருத்தன்தான். அவனுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை.

பாதி மலை இறங்கியிருப்போம். வளைவு திரும்பினால், முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு மேலே ஏறி வருகிறது ஒரு லாரி. நான் மிதித்தேன். மாமாவும் மிதித்தார். வண்டி ஒரே மிதியில், கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. லாரிக்காரன் கையைக் காட்டிவிட்டு வளைத்துக்கொண்டு போனான். பின்னால் செபம் கொஞ்சம் சத்தமானது. நான் மாமாவைப் பார்த்தேன். நின்றுவிட்டதே என்ற சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் அவர் முகத்தில் அதிகம்.

இன்னும் கொஞ்சம் கீழே ஓரங்கட்டி வண்டியை ஆறப் போட்டோம். சக்கரத்திலிருந்து காய்ந்த வாடை. மாமா இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் குந்தி, உள்பக்கம் ஆயில் வழிந்திருக்கிறதா என்று தலையை விட்டுப் பார்த்தார். நாலையும் பார்த்தார். ஒன்றும் வழியவில்லை. நான் போய் அதே நாலையும் மறுபடியும் பார்த்தேன். அவர் பார்த்ததை நான் எப்படி நம்புவது? எதற்கு இரண்டு பேரும் சக்கரத்தைக் கும்பிடுகிறீர்கள் என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள். காத்து பார்க்கிறோம் என்றார் மாமா. இன்னும் இரண்டே வளைவுதான் என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். இன்னும் ஏழெட்டு இருந்தது.

ஏழெட்டையும் அதே மாதிரி இறங்கினோம். என் கால், மாமா கால், பின்னால் செபமாலை. வளைவுக்கு வளைவு வெயில் ஏறியது, பனி விட்டது. கடைசித் திருப்பம் தாண்டி, ரோடு பாய் விரித்த மாதிரி நேராகப் போட்டபோது நான் மூன்றாவது கியருக்கு வந்தேன். மாமா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு அக்கா கேட்டாள்.

"இன்னும் எத்தினி வளைவுடா இருக்குது?"

"முடிஞ்சிச்சிக்கா."

அவள் திரையை விலக்கிப் பார்த்தாள். தென்னந்தோப்பு, பெட்ரோல் பங்க், சைக்கிளில் போகிற ஆட்கள், எல்லாம் சமமாகத்தான் இருந்தது.

"மேலயும் ரெண்டே வளைவுன்னுதான் சொன்ன," என்றாள்.

திரையை விட்டுவிட்டு, விட்ட மணியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள். சேலம் போய்ச் சேருகிற வரைக்கும் நிறுத்தவில்லை.